கேட்டவர் நெஞ்சில் விழும் வடு: பெரம்பலூர், அரியலூரில் குழந்தைநலப் பணி

துன்பத்துக்கு ஆளான குழந்தையோடு நாள்தோறும் பழகுகிறவரிடம், அடி தன்மேல் விழாமலே அடிபட்டவரின் அறிகுறிகள் தோன்றுவதுண்டு. உளவியலார் இதை இரண்டாம்நிலை மனக்காயம் என்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளர், குழந்தைகள் இல்லத்தின் காப்பாளர், கிராம சுகாதார செவிலியர், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதுபவர், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர், ஆற்றுப்படுத்துநர் எனப் பலருக்கும் இது தொழிலோடு வரும் நோய். பெரம்பலூரின் கல்குவாரிகளிலும் அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் தூசி நுரையீரலில் படிந்தால் என்ன ஆகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். குழந்தையின் கதையைக் கேட்டவர் மனத்தில் படிவது கண்ணுக்குத் தெரியாததால், அதற்குப் பெயர் வரவே நெடுங்காலம் ஆனது.

பெயர் இல்லையே தவிர, பிறர் துயரத்தைத் தொட்டால் அது ஒட்டிக்கொள்ளும் என்ற அறிவு ஊர்வழக்கில் இருந்தது. இழவு வீட்டுக்குப் போய் வந்தவர் கிணற்றடியில் குளித்து, கட்டியிருந்த துணியை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவார். தீட்டு என்ற சொல் மனிதரை மனிதர் ஒதுக்கிவைக்கவும் பயன்பட்ட கொடுமையை மறைப்பதற்கில்லை. இந்த ஒரு வழக்கில் மட்டும் அது வேறொரு வேலையும் செய்தது: அங்கே கண்டதற்கும் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு குடம் தண்ணீரை வைத்தது. ஒப்பாரியும் அப்படியே. செத்தவரைச் சொல்லி அழத் தொடங்கும் பெண், தான் பறிகொடுத்த பிள்ளையையும் அண்ணனையும் சொல்லி அழுது முடிப்பாள். கூட உட்கார்ந்தவர்கள் தடுக்கமாட்டார்கள். கோரிக்கைகளோடு வருவோரின் கூட்டம் குறையாத சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வழக்கமான நாள்களில் திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும். இடைவிடாமல் குறை கேட்பது தெய்வத்துக்கும் உரியதன்று என்று இந்த ஊர்கள் எண்ணின போலும்.

இந்தப் பகுதியில் துயரத்தைத் தொட்டவர்களின் தொகை ஒரே விடியலில் பெருகியது 1956 நவம்பர் 23 அன்று. கனமழையில் மருதையாறு கரைபுரண்டு ஓட, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையிலிருந்த பாலத்தில் சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நாட்டின் நினைவில் அந்த விபத்து இன்றும் அவர் பெயரோடுதான் நிற்கிறது. ஆற்றிலிருந்து உடல்களை எடுத்தவர்கள், அடையாளம் காட்ட வந்த உறவினரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனவர்கள் ஆகியோரின் மனநிலைக்கு அன்றைய மருத்துவத்தில் தனிப் பெயர் கிடையாது. அடிபட்டவரின் நிலைக்கே தனிப் பெயர் வர இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன.

பெயர் வந்த வழி போர்க்களத்திலிருந்து தொடங்குகிறது. குண்டுவீச்சில் காயமின்றித் தப்பியும் நடுங்கிக்கொண்டிருந்த சிப்பாய்களைப் பற்றி 1915இல் சார்லஸ் மையர்ஸ் மருத்துவ இதழில் எழுதினார். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980இல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் தனியிடம் பெற்றது. உதவுகிறவர் பக்கம் பார்வை திரும்பியது அதே காலத்தில்தான். நியூயார்க் இலவச மருத்துவமனை ஒன்றில் தன்னார்வலர்கள் எரிந்து அடங்கிய விளக்கைப்போல ஆவதை ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் விவரித்தார். பாதிக்கப்பட்டோரின் கதைகளைக் கேட்கும் சிகிச்சையாளருக்கு உலகத்தைப் பற்றிய நம்பிக்கையே மாறிப்போகிறது என்று மெக்கானும் பேர்ல்மனும் 1990இல் காட்டினர். பரிவுச் சோர்வு என்ற சொல்லைச் செவிலியர்களுக்கான கட்டுரையில் 1992இல் கார்லா ஜாய்ன்சன் கையாண்டார். சார்லஸ் ஃபிக்லி 1995இல் அதை நூலாக விரித்தார். 2013இல் வெளிவந்த அந்த நோய்ப் பட்டியலின் ஐந்தாம் பதிப்பில், தொழிலின் பொருட்டுக் கொடுமையின் விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் அந்த மனநோய்க்குக் காரணமாகச் சேர்க்கப்பட்டது. குழந்தை வன்கொடுமையின் விவரங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும் காவலர் அங்கே எடுத்துக்காட்டாகவே குறிப்பிடப்படுகிறார்.

இச்சொற்களுக்குள் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வது நல்லது. பணிச்சோர்வு வேலையின் அளவால் மெல்ல மெல்ல வருவது; கோப்புகள் மிகுந்த எந்த அலுவலகத்திலும் வரலாம். இரண்டாம்நிலை மனக்காயம் வேலையின் உள்ளடக்கத்தால் வருவது. ஒரே ஒரு குழந்தையின் ஒரே ஒரு வாக்கியம் போதும். முதலாவதற்கு விடுப்பு ஓரளவு மருந்தாகும். இரண்டாவது விடுப்பிலும் கூடவே வரும்.

தமிழகத்தில் குழந்தைநலப் பணிக்குச் சட்டம் அமைந்தது முன்கூட்டியே. 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்திய மாகாணங்களிலேயே முதலாவது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. சமூகப் பணிக்கென்று சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் பள்ளி தொடங்கினார். இவையெல்லாம் நகரத்து ஏற்பாடுகள். திருச்சி மாவட்டத்தின் வடகோடியில் கிடந்த வானம் பார்த்த பெரம்பலூருக்கும், முந்திரிக் காடு சூழ்ந்த ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அரசு ஊழியர் ஊர்தோறும் வந்தது சத்துணவோடுதான்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்தார். மையங்களின் வேலைக்குக் கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது முதல் சம்பளம். அதன் பெருமை குறையாது. இந்த வரலாற்றுக்கு அதில் இன்னொரு பொருளும் உண்டு. வாழ்க்கையில் ஏற்கெனவே அடிபட்டவர்களின் கையில்தான் ஊரின் பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்டார்கள். இரண்டாம்நிலை மனக்காயத்துக்கு எளிதில் ஆளாகிறவர் யார் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள், சொந்த வாழ்வில் ஆறாத காயம் உள்ளவர்களைத் திரும்பத் திரும்பச் சுட்டினார்கள். குடித்துவிட்டு வரும் அப்பனைப் பற்றிப் பிள்ளை சொல்லும்போது, கேட்கும் ஆயாம்மாவுக்குத் தன் வீட்டுக் கதவு தட்டப்பட்ட இரவு நினைவுக்கு வரும். அதே நினைவுதான் அந்தப் பிள்ளை சொல்லாமல் விட்டதையும் அவருக்குப் புரியவைக்கும். பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் பிறக்கும் பணி இது.

1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்தது; 2002இல் மீண்டும் சேர்க்கப்பட்டது; 2007 நவம்பர் 23 அன்று, மருதையாற்று விபத்து நடந்த அதே தேதியில், மறுபடி தனி மாவட்டமானது. மாவட்டம் பிரிவதும் சேர்வதும் வரைபடத்தில் ஒரு கோடுதான். குழந்தைநலப் பணியில் அதற்கு அர்த்தம் வேறு: தனி மாவட்டம் என்றால் தனி அலுவலகம், தனிக் குழு, புதிதாக அமர்த்தப்பட்ட சிலர். முன்பு திருச்சிக்குப் போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே அமுங்கிப்போன புகார்கள், மாவட்டத் தலைநகர் பக்கத்தில் வந்ததும் மேலே வரத் தொடங்கின.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னொரு சுமையைக் கொண்டுவந்தது. ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் தமிழகத்தில் 943. பெரம்பலூரில் 913, அரியலூரில் 897. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்குச் சென்ற தொட்டில் குழந்தைத் திட்டம், 2011இல் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகியவற்றோடு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வந்தது. வேண்டாம் என்று விடப்படும் குழந்தையைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வதே அத்திட்டத்தின் அடிப்படை. கேள்வி கேட்காதிருப்பது தாயைக் காக்கிறது. வாங்கிக்கொண்ட கைக்கு அது பதிலில்லாத கேள்வியாக எஞ்சுகிறது. தொப்புள் கொடி காயாத சிசுவுக்குப் பாலூட்டி, காய்ச்சலுக்கு ஒத்தடம் கொடுத்து, சில நாளில் தத்து மையத்துக்கு அனுப்பிவைக்கும் பெண் ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவைச் சந்திக்கிறார். தாய் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை இல்லாததால், அந்தப் பிரிவுக்காக அழவும் இடமில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து நிலைமை வேறாயிற்று. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம் என்று அது சொன்னதால், ஆசிரியரும் மருத்துவரும் விடுதிக் காப்பாளரும் புகார் சொல்லக் கடமைப்பட்டார்கள். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடிய மட்டும் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவு செய்யவேண்டும். சாட்சி சொல்லக் குழந்தையை மீண்டும் மீண்டும் நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது. குழந்தை தன் துன்பத்தைப் பலமுறை சொல்ல நேர்வது புண்ணைக் கிளறுவதாகும் என்பதைச் சட்டம் நன்றாகவே உணர்ந்திருக்கிறது. கேட்பவரின் கணக்கு அதற்கு நேர்மாறானது. ஒரு குழந்தை ஒருமுறை சொல்கிறது. அதைக் கேட்டவர் அடுத்த வாரம் இன்னொரு குழந்தையிடம் கேட்கிறார், அதற்கடுத்த வாரம் மற்றொன்றிடம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இந்தக் கணக்கை எண்ணாகவே எழுதிவைத்திருக்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தவேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர் கொண்ட அக்குழு மாதம் குறைந்தது 20 நாள் கூடவேண்டும். மூன்றாண்டுப் பதவிக்காலத்தில் அது 720 அமர்வு. வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவன், பள்ளியிலிருந்து நிறுத்தித் தாலி கட்டப்பட்ட பெண், செங்கல் சூளையில் மீட்கப்பட்ட பிள்ளை, பெற்றவனாலேயே சீரழிக்கப்பட்ட சிறுமி என்று யார் வருவார்கள் என்பது காலையில் தெரியாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் களப் பணியாளர்களுக்கு அமர்வு முடிந்த பிறகும் வேலை முடிவதில்லை. சமூக விசாரணை அறிக்கைக்காக அவர்கள் அந்தக் குழந்தையின் தெருவுக்கே போய், திண்ணையில் உட்கார்ந்து, குற்றம் சாட்டப்பட்டவரின் தாயிடமும் பேசவேண்டும்.

ஆற்றுப்படுத்துநர் என்று தமிழக அரசு வைத்த பெயர் சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படையிலிருந்து வந்த அழகிய சொல். ஆற்றுப்படையில் வழிகாட்டுபவன் அந்த வழியே போய்ப் பரிசில் பெற்று நிறைந்து திரும்பியவன். வறுமையோடு எதிர்வரும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்கிறான். இன்றைய ஆற்றுப்படுத்துநர் நிறைந்து திரும்புவதற்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை. பெரும்பாலோர் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். தனக்குத் தூக்கம் வருவதில்லை என்று சொன்னால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் என்னாகுமோ என்ற அச்சம் வாயை அடைக்கும்.

அறிகுறிகள் எப்போதும் மனநோயின் வடிவில் வருவதில்லை. தமிழர்களிடம் மனத்தின் வலி பெரும்பாலும் உடம்பின் மொழியில் பேசும்: தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை. அதற்கடுத்து வருவது கண்ணை மூடினால் ஓடும் காட்சி. தான் நேரில் காணாத, குழந்தை சொன்னதை வைத்து மனம் வரைந்த காட்சி அது. போன் மணி அடித்தால் வயிற்றைப் பிசையும். குறிப்பிட்ட ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறக் கால் வராது. வீட்டில் தன் மகளைத் தூக்கிக் கொஞ்சும் மாமனைக்கூடச் சந்தேகத்தோடு பார்க்கத் தோன்றும். மகளைத் திருவிழாவுக்கு அனுப்ப மனம் ஒப்பாது. சிலருக்கு இவை எதுவுமின்றி மனம் மரத்துப்போகும். குழந்தை அழும்போது படிவத்தின் அடுத்த கட்டத்தை நிரப்பிக்கொண்டிருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவர் இதைத் திமிர் என்பார், அரசு ஊழியரின் மெத்தனம் என்பார். காயத்தின் வடிவங்களில் இதுதான் ஆபத்தானது, ஏனெனில் இதனால் பாதிக்கப்படுவது குழந்தை. கேட்கத் தாங்காதவர் கேள்வியைச் சுருக்கிக்கொள்வார், கோப்பைச் சீக்கிரம் மூடுவார். வேறு சிலர் எதிர்த்திசையில் போய், தன் போன் எண்ணைக் கொடுத்து, இரவெல்லாம் பேசி, அந்தப் பிள்ளைக்குத் தானே தாயாக முயன்று உடைந்துபோவார்கள்.

இந்த இரு மாவட்டங்களில் காயத்தை ஆழமாக்குவது நெருக்கம். நகரத்தில் பணியாளரும் குழந்தையும் அந்நியர்கள். இங்கே வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ விசாரணைக்குப் போனவர், அடுத்த முகூர்த்தத்தில் அதே குடும்பத்தைக் கல்யாணப் பந்தியில் சந்திப்பார். சாதிக்காரர் வந்து சமாதானம் பேசுவார். சொந்தத்தில் பெரியவர் ஒருவர் ‘நம்ம புள்ளைக்குத்தானம்மா அசிங்கம்’ என்பார். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன பெற்றோர் தாத்தா பாட்டியிடம் விட்டுச்சென்ற குழந்தைகள் பல வீடுகளில் உண்டு; பணியாளரின் தங்கை பிள்ளையும் அப்படி வளர்வதாக இருக்கலாம். பாதிக்கப்பட்டவரும் உதவுபவரும் ஒரே மண்ணில் நிற்கும் இந்த நிலை தமிழருக்குப் புதிதன்று. போர்க்கால யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியது இதைத்தான். மருத்துவரும் நோயாளியும் ஒரே செல்வீச்சுக்குப் பதுங்கிய ஊர் அது. மனவடு என்ற சொல்லைத் தமிழுக்குப் பழக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அச்சொல் காயம் என்பதைவிடப் பொருத்தமானது. ஆறிய பிறகும் எஞ்சுவது வடு.

உதவுபவர் பக்கம் இங்கே கவனம் திரும்பியது பேரிடர்களுக்குப் பிறகுதான். 2004இல் கொள்ளிடத்துக்குத் தெற்கே கும்பகோணத்தில் ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. சுனாமிக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார், ஒரிசா புயலிலும் குஜராத் நிலநடுக்கத்திலும் பெற்ற அனுபவத்தோடு, தமிழகக் கடற்கரையில் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு மனநல ஆதரவுப் பயிற்சி தந்தார்கள். பேரிடர் நடந்தால் உதவுபவருக்கும் ஆதரவு வேண்டும் என்பது அதன்பின் ஓரளவு வேரூன்றியது. பேரிடர் என்று அறிவிக்கப்படாத, தினம் ஒரு வீட்டில் நடக்கும் இடருக்கு அந்த ஏற்பாடு நீளவில்லை. கொரோனாக் காலத்தில் அந்த இரண்டும் ஒன்றாயின. 2021இல் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்தவர்க்கு 3 லட்சமும் அரசு அறிவித்தது. அந்தப் பட்டியலுக்காகக் குழந்தைகளைத் தேடிப் போனவர்கள் தங்கள் வீட்டிலும் தொற்றுக்கு அஞ்சிக்கொண்டிருந்தவர்கள்.

சமாளிக்கும் வழிகளில் எது பயன் தரும் என்பதில் கடந்த முப்பது ஆண்டுகளில் தெளிவு கூடியிருக்கிறது. கொடுமையைக் கண்டவர்கள் எல்லோரையும் உடனே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்லும் ஒரே அமர்வுக் கூட்டம் ஒருகாலத்தில் பெரிதும் பரவியிருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரன் அறிக்கை 2002இல் அது பின்னாள் நோயைத் தடுப்பதில்லை என்றது. சிலருக்குக் கெடுதலும் செய்யக்கூடும் என்றது. தொடர்ந்த மேற்பார்வையின் நிலை வேறு. இங்கே மேற்பார்வை என்றால் இலக்கும் எண்ணிக்கையும் கேட்கும் மாதாந்திரக் கூட்டம் என்றே பொருளாகிவிட்டது. தேவைப்படுவது, அனுபவம் மிக்க ஒருவரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து, ‘இந்தக் கேஸ் உன்னை என்ன செய்தது’ என்று பேசும் நேரம். பாலியல் வன்முறை வழக்குகளை ஒருவர் தலையிலேயே கட்டாமல் கல்வி உதவி, தத்து, தொடர்கண்காணிப்பு வேலைகளோடு கலந்து பகிர்வதும், சக ஊழியரிடம் சொல்லுமுன் ‘கேட்கிற நிலையில் இருக்கிறீர்களா’ என்று கேட்டுவிட்டு, தேவையில்லாத விவரங்களை விட்டுச் சொல்வதும் செலவில்லாத ஏற்பாடுகள். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சடங்கை வைத்துக்கொள்ளுமாறு மேல்நாட்டுக் கையேடுகள் சொல்கின்றன: உடை மாற்றுதல், குளித்தல், சற்று நடத்தல். கிணற்றடிக் குளியலை அறிந்தவர்களுக்கு அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, நற்செய்தியைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது. அரசியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு கொலம்பியாவில் பணிபுரிந்த சிகிச்சையாளர்கள், மீண்டெழுந்தவர்களைக் கண்டு தாங்களும் வலுப்பெற்றதை 2007இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. குழந்தைநலத் துறையில் அந்த வலு பணியாளருக்குக் கிட்டுவது அரிது. மீட்டவர் ஒருவர், விசாரித்தவர் ஒருவர், இல்லத்தில் வளர்ப்பவர் ஒருவர். மீட்டவர் கண்ணில் அந்தக் குழந்தை என்றைக்கும் மீட்ட நாளின் கோலத்திலேயே நிற்கும். அது பத்தாம் வகுப்புத் தேறியதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, காட்சிகள் ஓயாமல், குடியோ சாகவேண்டும் என்ற எண்ணமோ தலைகாட்டினால், அது தன்கவனிப்பால் தீரும் நிலையைத் தாண்டியது, மருத்துவம் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் முதலில் தொடங்கியதே திருச்சியில்தான், 1990களின் பிற்பகுதியில். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் தொலைபேசி ஆலோசனை நாடெங்கும் கிடைக்கிறது. பணியாளரும் தன் பொருட்டு அதில் அழைக்கலாம்.

1996இல் மும்பையில் தொண்டு முயற்சியாகப் பிறந்த, குழந்தைகளுக்கான 1098 உதவி எண் 2023இல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாறத் தொடங்கியது. மாவட்டந்தோறும் அமைந்த உதவி மையங்களில் மேற்பார்வையாளரும் வழக்குப் பணியாளரும் இரவு பகலாக முறைமாற்றிப் பணிபுரிகிறார்கள். ஒவ்வொரு மையத்துக்கும் ஆற்றுப்படுத்துநர் பணியிடம் உண்டு; அது அழைக்கும் குழந்தைகளுக்காக ஏற்பட்டது. அழைப்பை எடுப்பவர்களுக்கென ஒரு பணியிடம் அந்தப் பட்டியலில் இல்லை.